பச்சைக் கதவும் காப்பிக் கலரும்

நுஸைபாவுக்குக் கோபமே வராது என்று பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்டூடியோவில் கத்துகிற வேலை என்னுடையது. திட்டு வாங்கியவர்களைச் சமாதானம் செய்து அனுப்புகிற வேலை அவளுடையது. வில்லாபுரத்தில் ஜெயக்கொடி ஸ்டூடியோ எங்கே என்று கேட்டால், "அந்தச் சண்டக்கார அக்கா கடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொம்பளை ஒருத்தி கேமராவோடு கல்யாண மேடையில் ஏறினால் முதல் பத்து நிமிஷம் சத்தம் போட்டால்தான் மிச்ச நாள் வேலை ஓடும். செக்கானூரணிப் பக்கத்துக் காட்டுமேட்டில் மாடு விரட்டிய தொண்டை எனக்கு.

அவள் என்னிடம் வந்தபோது இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டரில் ஆல்பம் வடிவமைக்கத் தெரியும் என்றாள். ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். அந்த வாரத்திலேயே திருவாதவூரிலிருந்து ஒரு மாமியார் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் போட்டார்.

"நாங்க எடுத்தது மாம்பழக் கலருப் பட்டு. நீங்க எலுமிச்சம்பழத்தக் கட்டி வச்சிருக்கீங்க. எங்க சம்பந்தி வீட்டுல என்னைய என்னன்னு நெனைப்பாக?"

கல்யாண ஆல்பத்தில் வருகிற முதல் சண்டை எப்போதும் புடவைக் கலரில்தான் வரும். நான் வாயைத் திறப்பதற்குள் நுஸைபா அந்த அம்மாவிடம், "ரவிக்கை தச்சதுல மிஞ்சுன துண்டு இருந்தாக் கொண்டு வாரீங்களாம்மா?" என்று கேட்டாள். மறுநாள் துண்டு வந்தது. அதை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக் கலரைத் திருத்தினாள். ஆறுக்கு நாலு அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டு, வாசல் வெயிலில் நின்று படத்தையும் துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாம்பழம் வந்துவிட்டது. மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் அது வழக்கமாகிவிட்டது. ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு துண்டு ரவிக்கைத் துணி கேட்போம். அதை வேலைக் கவரின் மேல் ஸ்டேப்ளர் போட்டு அடித்து வைப்பாள். "என்ன புள்ள, ஸ்டூடியோ வச்சிருக்கமா, தையக்கடை வச்சிருக்கமா?" என்று நான் கேலி செய்வேன். "நம்ம கண்ணு பொய் சொல்லும்க்கா, துணி சொல்லாது" என்பாள். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் பழைய காலத்துப் படம் மாதிரி பழுப்பாக, செபியாவில் போடுவது இப்போது ஒரு மோஸ்தர். எங்கள் வாடிக்கையாளர்கள் அதைக் காப்பிக் கலர் என்பார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் தொடமாட்டாள். "அதுல பாக்க என்ன இருக்கு? நீங்களே பண்ணிக்கங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். எனக்கோ அது உயிர். பழைய கட்டடம் ஏதாவது கண்ணில் பட்டால் நான் காப்பிக் கலரில்தான் யோசிப்பேன். அந்தக் கொழுப்புத்தான் எனக்கு வினையாக வந்தது.

அவள் வீடு தெற்குவாசலை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அவளுடைய அத்தா அப்துல் வஹீது கைலிக் கடை வைத்திருக்கிறார். அம்மா அஜ்மல் பீவி. ஒரே பெண் என்பதால் அவளும் கணவன் அசீமும் இரண்டு பிள்ளைகளும் அங்கேயேதான். மொத்தம் ஆறு பேர். கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளை. வாசலில் பச்சைக் கதவு. ரோட்டிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிகிற பச்சை. நோன்புக்கு முன்னால் வெள்ளை அடித்து, கதவுக்குப் பச்சை அடிக்காத வருஷமே கிடையாது. கொரோனாவில் ஊரே அடைத்துக் கிடந்தபோது ஆள் கிடைக்கவில்லை என்று மனிதர் தானே சுண்ணாம்பு மட்டையை எடுத்து ஏணியில் ஏறியவர். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் வீட்டைப் பெருக்கி வைக்கிறோமே, நோன்பும் விருந்தாளிதானே என்பார்.

வீட்டுக்குப் பக்கத்து மனையை அழகுபாண்டி என்று ஒருவன் வாங்கினான். லாட்ஜ் கட்டப் போகிறான். கீழே கல்யாண மண்டபம், அதற்கும் கீழே கார் நிறுத்த நிலவறை. வஹீது அத்தாவின் வீட்டையும் கேட்டுப் பார்த்தான். அவர் கொடுக்கவில்லை. சரி என்று போய்விட்டான். ஐப்பசி மழையில், ஊரில் எவனும் மண்ணில் கை வைக்காத நேரத்தில், அவர் சுவரை ஒட்டி இயந்திரத்தை விட்டு இருபதடிக்குத் தோண்டினான். முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. தீபாவளி கழிந்த பத்தாம் நாள், முன்பக்க ஜன்னல் மூலையிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்வரை கோணலாக ஒரு விரிசல் விட்டது. கட்டை விரல் போகும்.

நுஸைபா வேலைக்கு வந்து சொன்னாள். நான் அழகுபாண்டியின் வம்சத்தையே இழுத்துத் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன். மார்கழியில் அதே அழகுபாண்டி எனக்குப் போன் செய்தான். "யக்கா, லாட்ஜு வரவேற்பறைச் செவுத்துக்குப் பெரிய படம் ஒண்ணு வேணும். பழைய மதுரை மாதிரி. அந்தச் சந்தையே எடுத்துரு. மண்டபம் தொறந்ததும் அம்புட்டுக் கல்யாணமும் உனக்குத்தேன்." போனை வைத்துவிட வேண்டியதுதானே? வைக்கவில்லை. அம்புட்டுக் கல்யாணமும் என்ற சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஜனவரி ஏழாம் தேதி காலை ஏழு மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சந்தில் படம் எடுக்கிற மாதிரி இருந்தது வஹீது அத்தா வீடு ஒன்றுதான். வெயில் பக்கவாட்டில் விழுந்து சுவர் அப்படியே நிமிர்ந்து நின்றது. மாடிக் கொடியில் ஒரு கைலி காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கொடியிலிருந்து எடுக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது, கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று கிளிக் செய்துவிட்டேன். வஹீது அத்தா கதவைத் திறந்து, "வாம்மா, டீ குடிச்சிட்டுப் போ" என்றார். யாருக்காக எடுக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டீயை மட்டும் குடித்தேன்.

கடைக்கு வந்ததும் படத்தை நுஸைபாவிடம் கொடுத்தேன். அவளிடம் மறைக்கவில்லை, அழகுபாண்டிக்குத்தான் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். மறுநாள் காலையில் வந்தவள் பையிலிருந்து சின்ன பாலிதீன் கவரை எடுத்தாள். உள்ளே விரிசலுக்குள்ளிருந்து சுரண்டிய செங்கல் துகள், கொஞ்சம் சுண்ணாம்புச் சில்லு. ரவிக்கைத் துணிக்குப் பதிலாக அதை வைத்துக் கலர் பார்த்தாள். லேபில் ஒரு சின்னப் பிரிண்ட் போட்டு வாங்கி, வெயிலில் பார்த்து, என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதக் கலர்லயே குடுப்போம்."

"அவன் காப்பிக் கலர்தான் கேக்குறான், புள்ள."

"விரிசலுக்குள்ள பாருங்க. செங்கல் சிவப்பா இருக்கு. நேத்து வெட்டுன புண்ணு மாதிரி. பழைய விரிசலா இருந்தா உள்ள கறுத்துப் பாசி புடிச்சிருக்கும். காப்பிக் கலர்ல போட்டா எல்லாம் ஒண்ணாயிரும்க்கா. எது புதுசு எது பழசுன்னு தெரியாது."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன், அதுதான் நிஜம். "உங்க வீடுன்றதால உனக்குப் பாசம் பொத்துக்கிட்டு வருது. இது தொழில். நகரு" என்றேன். நானே உட்கார்ந்தேன். கைலியை அழித்தேன். கரண்டு வயர்களை அழித்தேன். பச்சைக் கதவைப் பழுப்பாக்கினேன். வெள்ளைச் சுவரை டீத்தூள் கறை பிடித்த மாதிரி ஆக்கினேன். அந்த விரிசலைத்தான் மிகவும் அழகாகக் கொண்டுவந்தேன். ஓரங்களை இருட்டாக்கி, கண் நேராக அங்கே போகிற மாதிரி செய்தேன். வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அழகுபாண்டி பார்த்துவிட்டு, "யக்கா, நூறு வருசம் பழசாக்கிட்டியே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் பல்லை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அது போதாதென்று நான்கடி அகலத்தில் இன்னொன்று போட்டு என் கடை வாசலில் மாட்டினேன். நுஸைபா தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள்.

பொங்கல் வந்தது. போகிக்கு முதல் நாள் கடையை ஒழுங்கு செய்வது என் வழக்கம். முடிந்த வேலைகளின் கவர்களை எல்லாம் எடைக்குப் போடுவேன். தை மாதக் கல்யாணங்களுக்கு இடம் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய படங்களையும் அழித்துவிடுவேன். அந்த வருஷமும் அழித்தேன். சந்து வீட்டின் அசல் படமும் அதோடு போயிற்று. கவர்களைச் சாக்கில் அள்ளும்போது நுஸைபா சந்து வீட்டு வேலைக் கவரை மட்டும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "என்னத்துக்கு?" என்றேன். "அத்தாவுக்குக் கதவுப் பச்சை அதே மாதிரி வேணுமாம். பெயிண்ட் கடையில காட்ட" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து வஹீது அத்தா மாநகராட்சியில் புகார் கொடுத்தார். நிலவறை தோண்டியதால் என் வீடு விரிந்துவிட்டது, தோண்டுவதை நிறுத்தி முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று மனு. ஒரு பொறியாளர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. நல்லது. மனுஷன் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கமாட்டார். நோன்பு நெருங்கிவிட்டது. ஆளைக் கூப்பிட்டு, விரிசலைச் சிமெண்டுக் கலவையால் அடைத்து, இழைத்து, வீடு முழுக்க வெள்ளை அடித்து, கதவுக்குப் பச்சையும் அடித்து முடித்துவிட்டார். பொறியாளர் வந்தபோது வீடு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"விரிசல் எங்கங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

இவர் சுவரைத் தடவிக் காட்டியிருக்கிறார். பூசிய இடம் லேசாகப் புடைத்திருந்தது, அவ்வளவுதான். அப்போது அழகுபாண்டி ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். என் படம். "சார், இது பல வருசத்துக்கு முந்தி எடுத்த படம். அப்பவே வீடு வாயப் பொளந்துகிட்டுத்தேன் இருந்துச்சு. இப்பப் பூசி மறைச்சிட்டு என் மேல பழி போடுறாக. இடிஞ்சு விழுந்து எவன் தலையிலயாச்சும் விழறதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க சார்." பொறியாளர் படத்தையும் சுவரையும் பார்த்துவிட்டு, அடுத்த புதன்கிழமை விசாரணை, இரண்டு தரப்பும் ஆதாரத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விரிசல் பழசு என்று முடிவானால் வீடு ஆபத்தான கட்டடம். ஆறு பேரும் வெளியேற வேண்டும், வீட்டை இடிக்க வேண்டும். இடித்த மனையை யார் வாங்குவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் நுஸைபா கடைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று அந்த நான்கடிப் படத்தைக் கையால் காட்டினாள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"செத்தவங்க படத்தத்தான நீங்க இப்படிப் போட்டு மாட்டுவீங்க? எங்க வீடு செத்துப்போச்சா? அதுக்குள்ள ஆறு பேரு சோறு திங்கிறோம்க்கா! எம் புள்ளைக அந்த ஜன்னலுக்குக் கீழதான் படுக்குதுக. பச்சைக் கதவத் தொறந்து எங்க அத்தா உங்களுக்கு டீ குடுத்தாருல்ல, அந்தக் கதவையே அழிச்சிட்டீங்களே! நான் சொன்னேன்ல? வாயத் தொறந்து சொன்னேன்ல? நகருன்னு சொன்னீங்க!"

பத்து வருஷத்தில் நான் கேட்காத குரல். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன். "அசல் கலர்ப் படத்த எடுத்துக் குடுங்க, நான் போறேன்" என்றாள்.

அசல் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரைத் திறந்து நானும் தேடினேன், தெரிந்துகொண்டே தேடினேன். கேமரா கார்டில் அதற்குப் பிறகு எட்டுக் கல்யாணம் எடுத்தாகிவிட்டது. "போகிக்கு அழிச்சிட்டேன் புள்ள" என்றேன். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வஹீது அத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் மேல் இருந்த கோபத்தை எல்லாம் நான் அவர் மேல் கொட்டினேன், வெட்கமில்லாமல்.

"புகார் குடுத்துட்டு எவனாச்சும் விரிசல அடைப்பானா அத்தா? சுண்ணாம்பு அடிக்க ஒரு மாசம் பொறுக்க முடியாதா? முழுப் பூசணிக்காய அவன் சோத்துல மறைக்கிறான், நீங்க இலை போட்டுக் குடுத்திருக்கீங்க!"

"நோன்பு வருதுல்லம்மா. வெடிச்ச செவுத்தோடயா நோன்ப வரவேற்கச் சொல்ற? எங்க அத்தா காலத்துலருந்து ஒரு வருசம் தவறுனதில்ல" என்றார். பிறகு மெதுவாக, "அடைக்காம விட்டிருந்தா ராத்திரி புள்ளைக பயந்துச்சுகம்மா. பூச்சி வரும், பாம்பு வரும்னு" என்றார்.

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் பேரப்பிள்ளைகளுக்காகப் பூசினார். நான் எவனுக்காகப் பூசினேன்?

உள்ளேயிருந்து நுஸைபா சட்டென்று வெளியே வந்தாள். "அத்தா, பொங்கலப்ப நான் ஒரு கவர் குடுத்தேன்ல? பச்சைக்கு மாதிரி காட்ட? சின்னப் படம் ஒண்ணு இருந்துச்சுல்ல?"

"ஆமா. கடைக்காரன் அதப் பாத்துத்தான் கலந்து குடுத்தான்."

"எங்க அது?"

அவர் யோசித்தார். பெயிண்ட் கடையிலேயே விட்டேனா என்றார். இல்லை, பையில் போட்டேனே என்றார். அஜ்மல் பீவி மாடிப்படிக்குக் கீழே போய்க் காலி டப்பாக்களை உருட்டினார். காய்ந்துபோன மட்டையைத் தூக்கினார். அதன் அடியில், பச்சைப் பெயிண்ட் டப்பாவின் மூடியோடு ஒட்டிக்கொண்டு அந்த ஆறுக்கு நாலு கிடந்தது. நுஸைபா பிய்த்துவிடாமல் நகத்தால் நெம்பி எடுத்தாள். வானத்தில் ஒரு சொட்டுப் பச்சை. ஓரமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. நடுவில் வெள்ளைச் சுவரும், பச்சைக் கதவும், கொடியில் நீலக் கைலியும், கோணலாக ஓடிய விரிசலும், அதற்குள்ளே சிவப்புச் செங்கலும் அப்படியே இருந்தன. திருப்பிப் பார்த்தேன். லேப் இயந்திரம் பிரிண்டின் முதுகில் தானாக அடிக்கிற தேதி இருந்தது. ஜனவரி எட்டு.

புதன்கிழமை விசாரணை. நோன்புக்கு இன்னும் ஒரு வாரம். பொறியாளர் அறையில் அழகுபாண்டியும் அவனுடைய வக்கீலும் ஒரு பக்கம், வஹீது அத்தாவும் நுஸைபாவும் ஒரு பக்கம். நான் கதவோரம் நின்றேன். என்னைப் பார்த்ததும் அழகுபாண்டி கண்ணடித்தான். தன் சாட்சியாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

வக்கீல் காப்பிக் கலர்ப் படத்தை மேஜையில் வைத்தார். "பார்த்தாலே தெரியுது சார், எவ்வளவு பழைய படம்னு."

"பழைய படமெல்லாம் இல்ல" என்றேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் என் தொண்டைக்கு மெதுவு என்பது கிடையாது. எல்லோரும் திரும்பினார்கள். "சார், எம் பேரு ஜெயக்கொடி. வில்லாபுரத்துல ஸ்டூடியோ வச்சிருக்கேன். இதப் போன மாசம் ஏழாந்தேதி எடுத்தது நாந்தேன். பழசாக்குனதும் நாந்தேன். எடுக்கச் சொன்னது இந்த அழகுபாண்டி."

"யக்கா, என்ன பேசுற?" என்று அவன் எழுந்தான். பிறகு பொறியாளரைப் பார்த்து, "சார், அந்தப் புள்ள இவுக கடையிலதான் வேல பாக்குது. ரெண்டும் கூட்டு" என்றான்.

கூட்டாம்! கூட்டாக இருந்தது யாரோடு என்று எனக்கல்லவா தெரியும். நான் சின்னப் படத்தை எடுத்துக் காப்பிக் கலர்ப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "சார், ரெண்டும் ஒரே படம். கலருல கொடியில கைலி தொங்குது பாருங்க. காப்பிக் கலருல அத நான் அழிச்சிட்டேன். ஆனாச் செவுத்துல அந்தக் கைலியோட நெழலு கெடக்கு. அத அழிக்க மறந்துட்டேன். கைலியே இல்லாம நெழலு எங்கிட்டிருந்து வரும்?"

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டையும் கண்ணுக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். சின்னப் படத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். நுஸைபா தன் பையிலேயே வைத்திருந்த பாலிதீன் கவரை அவர் முன்னால் வைத்தாள். கலர் பார்க்க எடுத்த செங்கல் துகள் என்று சொன்னாள். அவர் அதைக் கையில் கொட்டிப் பார்த்தார்.

"உள்ள செங்கல் இவ்வளவு சிவப்பா இருக்கே" என்றார். "பல வருஷத்து விரிசல்னா கறுத்துப் பாசி பிடிச்சிருக்கணுமே. இது சில மாசத்து விரிசல்."

நுஸைபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னதையே, வார்த்தை மாறாமல், ஒரு ஆபீசர் சொல்லிக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். எனக்கு அங்கேயே என்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஆபீசில் இருந்ததால் சும்மா நின்றேன்.

வெளியே வரும்போது அழகுபாண்டி என்னை மறித்தான். "ஒரு கல்யாண ஆர்டரு உனக்கு வராது, பாத்துக்க."

"ஒங்கட்டக் கையேந்தி வாங்குன தொழிலாடா இது? போடா அங்கிட்டு" என்றேன். இந்தத் தடவை தொண்டையை அடக்கவில்லை. ஆபீஸ் வாசலில் நின்ற கூட்டம் அவனைப் பார்த்தது. அவன் காரில் ஏறிப் போய்விட்டான்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. நிலவறை வேலை நிற்க வேண்டும். அழகுபாண்டி தன் செலவில் சுவருக்கு முட்டுக் கொடுத்து, அடித்தளத்தைப் பலப்படுத்தித் தர வேண்டும். வஹீது அத்தா வீடு வீடாகவே இருக்கும். முட்டுக் கட்டைகள் ஊன்றும்போது புதுச் சுண்ணாம்பெல்லாம் பெயர்ந்தது. நோன்பு முழுக்க அந்த மனிதர் பெயர்ந்த சுவரைப் பார்த்துப் பார்த்து முனகிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். நேரில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நுஸைபா வேலைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? பங்குனிக் கல்யாண ஆல்பங்களை நானே செய்தேன். மூன்று சம்பந்தி வீட்டுச் சண்டை வந்தது, மூன்றும் புடவைக் கலரில். நோன்பு பாதியில் அசீம் மட்டும் கடைக்கு வந்தான். "அக்கா, அந்த வாசல் படத்தக் குடுப்பீங்களாம். நுஸைபா கேட்டுச்சு" என்றான். கிழித்துப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். நானே ஆணியைப் பிடுங்கிக் கழற்றிக் கொடுத்தேன். பிறகு தெரிந்தது, முட்டு வேலையில் எழுந்த சிமெண்டுத் தூசி உள்ளே வராமல் இருக்க, குழிப் பக்கம் உடைந்த ஜன்னலில் அதை அடித்து மூடியிருக்கிறார்கள். படம் இருக்கிற பக்கம் அழகுபாண்டியின் குழியைப் பார்த்தபடி.

பெருநாள் கழிந்த நாலாம் நாள் காலையில் கடையைத் திறக்கிறேன், அவள் வாசலில் நிற்கிறாள். கையில் டிபன் டப்பா. மேஜையில் குவிந்து கிடந்த கவர்களைப் பார்த்தாள். ஒன்றிலும் ரவிக்கைத் துணி இல்லை. "இப்படியாக்கா போட்டு வப்பீங்க?" என்று ஸ்டேப்ளரைத் தேடினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"இனிமே கலரு விஷயத்துல நீ சொல்றதுதான் புள்ள. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். அது திறக்கிறவரை எனக்குப் பொறுக்கவில்லை.

"எம்மேல உள்ள கோபம் போயிருச்சா, நுஸைபா?"

"இல்ல" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே. "வேல பாக்குறதுக்குக் கோபம் போகணுமாக்கா?"

பிறகு முதல் கவரைப் பிரித்து, "இவங்க வீட்டுக்குப் போன் போடுங்க, துண்டுத் துணி கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள். நான் போனை எடுத்தேன்.